உப்புத் தண்ணியும் ஒரு கூடை கொத்தவரங்காயும்

போன வாரம் சொந்தத்துல ஒரு கல்யாணம். பந்தியில பக்கத்துல உக்காந்திருந்த பெரியம்மா முறை ஒருத்தங்க, நான் மொட்டை மாடியில காய் போடறேன்னு கேள்விப்பட்டு, "திருவொத்தியூர்லயா? அங்க கரித்தூளும் உப்புக் காத்தும்தானேடி இருக்கும், அதுல என்ன வளரும்?"னு கேட்டாங்க.

பெரியம்மாவை விடுங்க, பாசத்துலதான் கேட்டாங்க. ஆனா வடசென்னையில ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்னு பேரைச் சொன்னதுமே சில பேர் முகம் ஒரு மாதிரி சுருங்கும் பாருங்க, அதை என்னால பொறுத்துக்க முடியல. எங்க ஊர் தியாகராஜர் கோயிலோட தல மரமே மகிழ மரம். இந்த மண்ணுல எதுவும் முளைக்காதுன்னு எப்படிச் சொல்றாங்க?

வளருது. நல்லாவே வளருது. ஆனா இந்த ஊருக்குத் தோதா வளர்க்கணும். அதைக் கத்துக்கத்தான் எனக்கு இவ்ளோ காலம் ஆச்சு. பெரியம்மாவுக்குப் பந்தியில சொல்ல முடியாத பதிலை இங்க நிதானமா எழுதிடறேன்.

முதல்ல பீன்ஸ் கதை.

மாடித்தோட்டம்னு ஆரம்பிச்ச எல்லாரையும் போல நானும் வீடியோ பாத்துத்தான் ஆரம்பிச்சேன். கோயம்புத்தூர்க்காரங்க, ஓசூர்க்காரங்க வீடியோ எல்லாம் பாக்க அவ்ளோ அழகா இருக்கும். அதே பை, அதே மண் கலவை, அதே பீன்ஸ் விதை. முளைச்சு ரெண்டு இலை விட்டு, நாலு இலை விட்டு, அதுக்கப்புறம் இலையோட ஓரம் மட்டும் காய்ஞ்சு பழுப்பாச்சு. யாரோ இலையைச் சுத்தித் தீக்குச்சியால சுட்ட மாதிரி.

கேட்டவங்க எல்லாம் ஒரே பதில்தான் சொன்னாங்க. "தண்ணி பத்தல, நல்லா ஊத்து."

ஊத்தினேன். இன்னும் வேகமாக் கருகுச்சு.

அப்பதான் பையோட விளிம்புல கவனிச்சேன், வெள்ளை வெள்ளையா ஏதோ படிஞ்சிருந்துச்சு. விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தா உப்பு! நான் தண்ணி ஊத்தறதா நினைச்ச ஒவ்வொரு வேளையும் செடிக்கு உப்பு போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். எங்க வீட்டு போர் தண்ணிதான் அது.

(இந்தப் பக்கம் கடலோரத்துல இருக்கறவங்களுக்கு இது புரியும். போர் தண்ணில சோப்பு நுரைக்காது. குழாய் வாயில வெள்ளையாக் கட்டி நிக்கும். இதெல்லாம் நமக்குத் தெரியும், துணி துவைக்கறதுக்கும் குடிக்கறதுக்கும் அதை யோசிப்போம். செடிக்குன்னு வரும்போது யாருமே யோசிக்கறதில்ல.)

உடனே ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன். பேனா மாதிரி இருக்கும், தண்ணில முக்கினா எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு நம்பர் காட்டும். தோட்டத்துக்கு நான் வாங்கினதுலயே உருப்படியான பொருள் இதுதான். மண்வெட்டியைவிட, பூவாளியைவிட! ஐ.நா.வோட உணவு வேளாண் அமைப்பு பாசனத் தண்ணிக்கு ஒரு கணக்கு வெச்சிருக்கு. லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரைக்கும் உப்பு இருந்தா எந்தச் செடிக்கும் கவலை இல்ல. 450லேர்ந்து 2,000 வரைக்கும்னா என்ன போடறோம்னு பாத்துப் போடணும். 2,000க்கு மேல போனா பெரும்பாலான காய்கறி தாங்காது. எங்க போர் தண்ணி ஆயிரத்தைச் சுலபமாத் தாண்டி நிக்குது. கோடையில இன்னும் ஏறுது.

இந்த உப்பு எங்கேர்ந்து வந்துச்சு? கடல் பக்கத்துல இருக்கறது ஒரு காரணம். ஆனா அது மட்டும்னு சொன்னா பாதிக் கதைதான். நமக்கு வடக்கால மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில நல்ல தண்ணி ஏராளமா இருந்துச்சு. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேத்து வெச்ச தண்ணி. 1960களோட கடைசியிலேர்ந்து நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் விவசாயத்துக்கும்னு அதை உறிஞ்ச உறிஞ்ச, காலியான இடத்துக்குக் கடல் தண்ணி உள்ள வந்துச்சு. ஒண்ணு ரெண்டு தெரு இல்லைங்க, பல கிலோமீட்டர். அதே மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில 2010ல கடல்தண்ணியைக் குடிநீராக்கற ஆலை திறந்தாங்க, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். நிலத்தடித் தண்ணி உப்பாயிடுச்சுன்னு விட்ட இடத்துலயே, கடலை வடிகட்டிக் குடிநீராக்கினாங்க. இதை யோசிச்சா மனசு கனக்குது. ஒரு குடம் நல்ல தண்ணிய செடிக்கு ஊத்தும்போதும் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, தண்ணி இப்படித்தான். அப்ப எதைப் போடறது?

இங்கதான் எனக்கு ஒரு புதையல் கிடைச்சுது. அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல ரிவர்சைடுன்னு ஒரு ஊர். அங்க உப்பு மண்ணைப் பத்தியே ஆராய்ச்சி பண்ண ஒரு அரசு ஆய்வகம் இருக்கு. மாஸ், ஹாஃப்மன்னு ரெண்டு பேர் 1977லயே எந்தப் பயிர் எவ்ளோ உப்பு தாங்கும்னு அட்டவணை போட்டு வெச்சிருக்காங்க. அந்த மாதிரி அட்டவணைகள்ல பீன்ஸ் எங்க இருக்குன்னு தேடினா, அடியில! மண்ணோட உப்பு அளவு 1 தாண்டினாலே (இது மில்லிகிராம் இல்ல, மண்ணுக்கான வேற அளவுகோல்) பீன்ஸ் விளைச்சல் குறைய ஆரம்பிச்சுடும். கேரட்டும் அதே கதி. வெங்காயம், முள்ளங்கி 1.2. கத்திரிக்காய்கூட 1.1தான். தக்காளி 2.5, பரவாயில்ல. பீட்ரூட் 4. காராமணி கிட்டத்தட்ட 5. கொத்தவரங்காய்? 8.8!

எனக்கு எழுந்து கைதட்டணும்போல இருந்துச்சு. பீன்ஸும் கொத்தவரையும் ஒரே அவரைக் குடும்பம்தான். ஆனா ஒண்ணு நம்ம தண்ணியைப் பாத்தாலே சுருளுது, இன்னொண்ணு கண்டுக்கறதே இல்ல. வெயிலையும் தாங்குது. கடையில யாருமே ஆசையா வாங்காத, குழந்தைங்க தட்டுல ஒதுக்கி வைக்கற கொத்தவரங்காய்தான் எங்க மாடிக்குன்னே பொறந்த காய். பருப்பு உசிலி பண்ணினா எங்க வீட்டுல இப்ப சண்டை நடக்குது.

பீட்ரூட்டும் காரணமாத்தான் தாங்குது. அதோட மூதாதையே கடற்கரையில வளர்ற காட்டுச் செடி. ஐரோப்பாவுல கடலோரத்துல இன்னிக்கும் அது தானா வளருது. அப்ப நம்ம பக்கத்துக் கடலோரச் செடி? அதுவும் இருக்கே! கீழ் வீட்டு ஆயா, குப்பத்துல பொறந்து வளந்தவங்க, என் அட்டவணையைப் பத்திக் கேட்டுட்டுச் சொன்னாங்க.

"உமிரிக்கீரைய உட்டுட்டியே தாயீ. கழிமுகத்துல சேத்துல இருக்கும். நாங்கல்லாம் பறிச்சாந்து கடைஞ்சு துன்னுவோம். உப்பே போட வோணாம்."

உமிரிக்கீரை உப்புச் சேத்துலயே வாழற செடி. ஆயா சொல்றதைக் கேக்கக் கேக்க நாக்கு ஊறுச்சு. ஆனா 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படிஞ்சதைப் பாத்த யாரும் அங்க போய்க் கீரை பறிச்சுச் சாப்பிடுங்கன்னு சொல்ல மாட்டாங்க. ஆயாவும் இப்ப பறிக்கறதில்ல. ஒரு கீரையே ஒரு தலைமுறையோட தட்டுலேர்ந்து போயிடுச்சு.

அடுத்து, தென்னை நார்க்கழிவு. (கடையில கோகோபீட்னு கேட்டாத்தான் தருவாங்க.)

மாடியில வெறும் செம்மண்ணா போட்டா கனம் தாங்காது, தண்ணி ஊத்தி ஊத்தி இறுகியும் போயிடும். அதனால நார்க்கழிவு கலக்கறோம். எடை கம்மி, ஈரம் நிக்கும். எல்லாம் சரி. ஆனா தேங்காய் மட்டையைக் காயல் தண்ணில, உப்புத் தண்ணில ஊற வெச்சு நார் எடுக்கற இடங்கள்லேர்ந்து வர்ற கழிவுல உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும். கட்டியை ஊற வெச்ச தண்ணில மீட்டரை விட்டுப் பாருங்க, தெரிஞ்சுடும். நம்ம ஊருல இதை அலசாம விடவே கூடாது. கட்டியை உடைச்சு, நல்ல தண்ணில ஊற வெச்சு, பிழிஞ்சு, மறுபடி ஊற வெச்சு, அந்தத் தண்ணில மீட்டர் நம்பர் இறங்கற வரைக்கும் அலசணும். வேற ஊர்க்காரங்களுக்கு ஒரு தடவை ஊற வெச்சாப் போதுமா இருக்கலாம். நமக்குத் தண்ணிலயும் உப்பு, காத்துலயும் உப்பு. பைக்குள்ளயாவது இல்லாம இருக்கட்டும்.

தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளைன்னு ஒண்ணு மானியத்துல குடுக்குது. 2022ல 900 ரூபாய்ப் பொருளை 450க்குக் குடுத்தாங்க. ஆறு பை, ரெண்டு கிலோ நார்க்கழிவுக் கட்டி ஆறு, ஆறு வகை விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி, வேப்ப எண்ணெய், ஒரு கையேடு. ஆரம்பிக்கறவங்களுக்கு அருமையான விஷயம், கிடைச்சா வாங்கிடுங்க. என்னோட ஒரே ஆசை, அந்தக் கையேட்டுல கடலோர வீடுகளுக்குன்னு ஒரு பக்கம் வேணும். எந்தத் தண்ணிக்கு எந்தக் காய்னு ஒரே ஒரு பக்கம். திருவொற்றியூர் மண்டலத்துலயும் ராயபுரம் மண்டலத்துலயும் எத்தனை பேர் முதல் பட்டத்துலயே மனசு விட்டு, பையெல்லாம் சுருட்டி வெச்சிருப்பாங்க! அவங்க கையில ஒரு குறையும் இல்ல, தண்ணியைப் பத்தி யாரும் சொல்லல.

தண்ணி ஊத்தற முறையும் இங்க வேற. "தினமும் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிங்க"ன்னு சொல்வாங்க. உப்புத் தண்ணிக்கு அது ஆகாது. கொஞ்சமா ஊத்தினா தண்ணி ஆவியாப் போகும், உப்பு மட்டும் வேர்கிட்ட தங்கும். ஊத்தினா பையோட அடி ஓட்டை வழியா வடியற அளவுக்கு ஊத்தணும், உப்பும் கூடவே இறங்கிடும். நான் குழாய்ல வர்ற மெட்ரோ தண்ணியும் போர் தண்ணியும் பாதிப் பாதி கலந்து ஊத்தறேன். அரிசி கழுவின தண்ணி, பருப்பு கழுவின தண்ணி எல்லாம் நாத்துக்கு மட்டும். சின்ன வயசுலதான் செடிக்கு உப்பு ரொம்பச் சுடும்.

மழையைப் பத்திச் சொல்லாம விட்டா பாவம். ஆயிரம் சதுர அடி மாடியில ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சா 900 லிட்டருக்கு மேல தண்ணி! உப்பே இல்லாத தண்ணி, இலவசமா. ஐப்பசி கார்த்திகையில பெய்யற மழைதான் எங்க பைகளை வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தமாக் கழுவி விடுது. அதனால மழைக்கு முன்னாடி பையைக் காலி பண்ணி மூலையில அடுக்காதீங்க. வெறும் மண்ணா இருந்தாலும் மழையில நனைய விடுங்க. அடி ஓட்டை அடைக்காம இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க. மழை முடிஞ்சு மார்கழியில போடற எதுவும் எங்க மாடியில சோடை போனதில்ல.

தக்காளிக்கும் பட்டம் பாக்கணும். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பழமொழி இருக்கு, சரிதான். ஆனா மாசியிலயும் பங்குனியிலயும் ஆசைப்பட்டு நட்ட தக்காளி பூவா பூத்து, அத்தனையும் உதிரும். உரத்துல குத்தம் தேடுவோம். காரணம் ராத்திரிச் சூடு. ராத்திரி 25 டிகிரிக்கு மேலயே நின்னா தக்காளிப் பூவுல மகரந்தம் சரியா வேலை செய்யாது. நம்ம சென்னையில மே மாசத்து ராத்திரி 27, 28ல நிக்கும். புரட்டாசியில நாத்து விட்டா மார்கழி, தைக் குளிர்ல காய் பிடிக்கும். இப்ப அதை மட்டும்தான் பண்றேன். வெயில் காலத்துல தக்காளியைக் கடையில வாங்கிட்டு, மாடியில கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரைன்னு ஓட்டறேன்.

இப்ப பெரியம்மா சொன்ன கரித்தூள். இதுக்கு நேர்மையா பதில் சொல்லணும்.

ஆமா, இருக்கு. காலையில கைப்பிடிச் சுவரைத் துணியால துடைச்சா கருப்பா வரும். ராயபுரம் பக்கம் இருக்கறவங்க துறைமுக நிலக்கரித் தூசோட பல வருஷம் போராடி, உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, 2011ல சென்னைத் துறைமுகத்துல நிலக்கரி இறக்கறது நின்னுச்சு. அது எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போச்சு. ராயபுரத்து மாடிக்கு நிம்மதி, எண்ணூர் மாடிக்குத் தூசு. அனல் மின் நிலையங்களும் கன்டெய்னர் லாரிங்களும் இந்தப் பக்கம்தான். இதை மறைச்சுட்டு "எல்லாம் இயற்கை"ன்னு எழுதினா அது பொய்.

அதுக்காக விட்டுட முடியுமா? நான் பண்றது இதுதான்:

தரை மண்ணு வேண்டாம். தொழிற்சாலை, ரோட்டோர மண்ணுல என்னென்ன கலந்திருக்கும்னு கண்ணுக்குத் தெரியாது. வெளியேர்ந்து நல்ல மண் வாங்கிப் பையில போட்டுத்தான் வளர்க்கறேன். சாம்பல் நல்ல உரம்னு யாராவது சாக்குல கொண்டாந்து குடுத்தா, எந்தச் சாம்பல்னு கேட்டுக்குங்க. விறகு அடுப்புச் சாம்பல் வேற, நிலக்கரிச் சாம்பல் வேற. நிலக்கரிச் சாம்பல்ல நச்சு உலோகங்கள் இருக்கு, தோட்டத்துல அதுக்கு இடமே கிடையாது.

கீரையும் கிழங்கும்தான் ஈயம் மாதிரி உலோகங்களைச் சீக்கிரம் ஏத்துக்கும். காய் வகை அவ்ளோ ஏத்துக்காது. அதனால ரோட்டுப் பக்கம் இருக்கற சுவர் ஓரத்துல கொத்தவரை, கத்திரி, பீர்க்கு. கீரையெல்லாம் உள்ள, பச்சை வலைக்குப் பின்னாடி. பறிச்சதும் நல்லா அலசிட்டுத்தான் சமைக்கறது. பலமா கடல் காத்து அடிச்ச மறுநாள் காலையில இலை மேல நல்ல தண்ணி தெளிச்சுக் கழுவி விடுவேன். உப்பும் தூசும் ஒண்ணாப் போகும்.

காத்துக்கு இன்னொரு வைத்தியமும் உண்டு. முருங்கையை ட்ரம்முல வெச்சா மடமடன்னு மேல போகும், ஒரு காத்து அடிச்சா முறியும். அது ரெண்டரை அடி வந்ததுமே நுனியைக் கிள்ளிடணும். பக்கக் கிளை விட்டுப் புதரா நிக்கும், கைக்கு எட்டற உயரத்துல கீரை கிடைக்கும். எங்க மாடியில கைப்பிடிச் சுவரைத் தாண்டி எதையுமே வளர விடறதில்ல, சுவருதான் எங்களுக்குக் காவல்.

குறையா சொல்லிக்கிட்டே போறேனோ? சந்தோஷமான விஷயத்துக்கு வரேன். மீன்!

காசிமேட்டு மீன் மார்க்கெட் பக்கத்துல இருக்கும்போது நமக்கு உரத்துக்கு என்ன பஞ்சம்? மீன் அமிலம்னு ஒண்ணு இருக்கு. மீன் தலை, செதிள், குடல் எல்லாம் எவ்ளோ எடையோ அதே எடைக்கு நாட்டுச் சர்க்கரையோ வெல்லமோ போட்டு, மூடி வெச்சுடணும். மூணு, நாலு வாரத்துல தேன் மாதிரி கரைஞ்சு நிக்கும். வடிகட்டி, லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி கலந்து தெளிச்சா இலை பளபளன்னு ஆகும். மார்க்கெட்டுல மீன் வெட்டித் தர்ற அக்காகிட்ட முதல் தடவை கழிவு கேட்டப்ப, "இன்னாம்மா, பூனை வளக்குறியா?"ன்னு கேட்டாங்க. செடிக்குன்னு சொன்னதும் அவங்களுக்கு நம்பிக்கையே வரல. அடுத்த தடவை காராமணி ஒரு கட்டு கொண்டு போய்க் குடுத்தேன். இப்பல்லாம் நான் போறதுக்குள்ள பை கட்டி வெச்சிருக்காங்க!

(ரெண்டு குறிப்பு. மீன் கழிவு கடல் தண்ணில கிடந்திருக்கும், நல்ல தண்ணில ஒரு அலசு அலசிட்டுப் போடுங்க. வெல்லத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, குறைஞ்சா அழுகி தெருவே நாறும்.)

அப்புறம் பீர்க்கங்காய். கொடி ஓடுது, மஞ்சளாப் பூக்குது, காயே இல்லன்னு ரொம்ப பேர் சொல்றாங்க. காலையில போய்ப் பாத்தா பூ வாடிக் கிடக்கும். ஏன்னா பீர்க்கு சாயங்காலம் பூக்கற ஜாதி. சுரையும் அப்படித்தான். எங்க பக்கம் தேனீ குறைவு. அதனால சாயங்காலம் நாமளே ஆண் பூவைப் பறிச்சு, அடியில குட்டிக் காயோட நிக்கற பெண் பூ மேல மெதுவா ஒத்தி விடணும். எனக்கு நாள் முழுக்க இருக்கற அலுப்பெல்லாம் போற வேலை இது. அஞ்சு மணிக்கு மேல கடல் காத்து குளுகுளுன்னு வரும். தூரத்துல துறைமுகத்துக்கு உள்ள போகக் காத்திருக்கற கப்பல்ல ஒவ்வொண்ணா விளக்கு ஏறும். பக்கத்து வீட்டுப் பசங்க "ஆன்ட்டி, இது பொண்ணு பூவா, பையன் பூவா?"ன்னு கேட்டுக்கிட்டே கூட வரும். அந்தப் பசங்க ஒத்தின பூவுல காய் பிடிச்சா அவங்க வீட்டுக்குத்தான் போகணும்னு ஒரு ஒப்பந்தம்.

இந்த ஊர்ல தோட்டம் போடறது சும்மா பொழுதுபோக்குன்னு எனக்குத் தோணல. நாம குடிக்கற தண்ணி, மூச்சு விடற காத்து, மண்ணு எல்லாத்தையும் இது நம்ம கண்ணு முன்னாடி கொண்டாந்து நிறுத்திடுது. இலை கருகினா தண்ணியைக் கேள்வி கேக்கறோம். இலை மேல தூசு படிஞ்சா காத்தைக் கேள்வி கேக்கறோம். காய் வேணும்னு ஏறின மாடியில எனக்கு என் ஊரைப் பத்தித் தெரிய வந்ததுதான் அதிகம். மாடிக்கு மாடி செடி இருந்தா, கேள்வி கேக்கறவங்களும் வீட்டுக்கு வீடு இருப்பாங்க.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குச் சுருக்கமா: முதல்ல தண்ணியை அளந்துடுங்க, விதை அப்புறம். ஆயிரத்துக்குள்ள இருந்தா தக்காளி, கத்திரிகூட முயற்சி பண்ணலாம், கொஞ்சம் நல்ல தண்ணி கலந்துக்குங்க. அதுக்கு மேலன்னா கொத்தவரை, காராமணி, பீட்ரூட். நாலஞ்சு பை போதும், ஒரேயடியா மாடியை நிரப்ப வேண்டாம்.

ஆடி வரப்போகுது. எங்கிட்ட கொத்தவரை விதையும் காராமணி விதையும் இந்த வருஷம் நிறையவே சேந்திருக்கு. இந்த மாடியிலயே, இந்தத் தண்ணியிலயே காய்ச்ச செடியோட விதை. ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் யாருக்கு வேணும்னாலும் கேளுங்க, பொட்டலம் கட்டித் தரேன். முதல் பொட்டலம் பெரியம்மாவுக்கு.